ஆஷ்ட்ரே சேர்க்கிற வீட்டில் பெண் பார்த்தது

எனக்குச் சிகரெட் பழக்கம் இல்லை. பீடியும் இல்லை. காலையில் குளித்துத் திருநீறு பூசாமல் காபி கூடக் குடிக்க மாட்டேன். அப்படிப்பட்டவன் வீட்டு ஹாலில், கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ் நிறைய ஆஷ்ட்ரே இருக்கிறது என்றால் யார் நம்புவார்கள். இருக்கிறது. எல்லாம் கார் ஆஷ்ட்ரே. மேசை மேல் வைக்கிற கண்ணாடிக் கிண்ணம் இல்லை. பழைய கார்களில் சிகரெட் சாம்பலைத் தட்டுவதற்கென்றே டேஷ்போர்டிலும் கதவிலும் முன்சீட்டின் முதுகிலும் பதித்து வைத்திருந்தார்களே, அந்தச் சின்னச் சின்ன இரும்புப் பெட்டிகள்.

இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஊரில் ஒரு அரிசிக் கடை, வேங்கிக்காலில் ஒரு சொந்த வீடு, வீட்டு வாசலில் ஒரு வெள்ளை அம்பாசிடர். படித்தது பத்தாவது வரைக்கும்தான். சின்ன வயதில் அம்பாசிடரில் போகிறவர்களைப் பார்த்தால் நின்று பார்ப்பேன். புது வண்டி வாங்குகிற காலத்தில் வாங்க முடியவில்லை. எல்லோரும் அதை விற்றுத் தள்ளுகிற காலத்தில் எனக்குக் கிடைத்தது. அண்ணாமலையார் தருவதை அவர் நேரத்தில்தான் தருவார்.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் முன்பே ராஜகோபுரத்துக்கு எதிரில் நிறுத்திப் பூஜை போட்டோம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி, ஐயர் காகிதத்தில் கொஞ்சம் திருநீறு மடித்துக் கொடுத்தார். அதை எங்கே வைப்பது என்று தேடியபோது டேஷ்போர்டின் நடுவில் ஒரு சின்ன இழுப்பறை தெரிந்தது. இழுத்தேன். உள்ளே பழைய முதலாளி பிடித்துப் போட்ட சிகரெட் துண்டுகள். என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றி, புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, அந்தத் திருநீற்றை அதிலே கொட்டினேன். அளவெடுத்துச் செய்த மாதிரி அப்படிப் பொருந்தியது. அன்றைக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, வண்டி வாங்கியபோது கூட வரவில்லை.

அப்புறம் எந்தப் பழைய காரைப் பார்த்தாலும் என் கண் அங்கேதான் போகும். ஒன்றில் இழுக்கிற மாதிரி இருக்கும், ஒன்றில் கவிழ்க்கிற மாதிரி. கதவின் கைப்பிடிக்குள் ஒளிந்திருக்கிற ஒன்று உண்டு. மூடியைத் தொட்டால் 'டிக்' என்று திறந்து, விட்டால் 'டிக்' என்று மூடிக்கொள்ளும். அந்தச் சத்தத்துக்காகவே அதைச் சும்மா திறந்து மூடிக்கொண்டிருப்பேன். சில மூடியில் புகைகிற சிகரெட் படம் அச்சுக் குத்தியிருக்கும். காரை உடைத்து எடைக்குப் போடுகிற இடங்களில் இதை யாரும் சீந்துவதில்லை. எனக்கு அங்கே போனால் திருவிழாவுக்குப் போன மாதிரி.

நான் ஒருத்தன்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் செங்கம் ரோட்டில் ஒரு டீக்கடை முன்னால் பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் சிலர் கூடுவோம். பக்கத்து ஆசிரமத்துக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் நின்று போட்டோ எடுப்பார்கள். வண்டியைப் பற்றிப் பேசுவதெல்லாம் முதல் டீ வரைக்கும்தான். இரண்டாவது டீயில் அவரவர் வீட்டில் பதுக்கி வைத்திருப்பது வெளியே வரும். பேங்க்கில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர் ஒருவர் பொம்மைக் கார்களைப் பெட்டியைக் கூடப் பிரிக்காமல் அடுக்கி வைத்திருக்கிறார். பேரப்பிள்ளைகள் வந்தால் அந்த அறைக்குப் பூட்டு. மருந்துக் கடைக்காரர் சேர்ப்பது கார் சாவி. அந்தக் கார்கள் கிடையாது, சாவி மட்டும். ஒரு வளையம் நிறையக் கோர்த்து வைத்து, எந்தச் சாவி எந்த வண்டி என்று கண்ணை மூடித் தடவியே சொல்வார்.

எங்கள் எல்லோருக்கும் மேலே ஒருவர், வேலூர் ரோட்டில் கார் பட்டறை வைத்திருக்கும் பாய். அவர் தாத்தா காலத்தில் இந்த ஊரில் குதிரை வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை அடித்துக் கொண்டிருந்தார்களாம். பாய் சேர்ப்பது ஹார்ன். நீளப் பலகையில் வரிசையாகத் திருகி, பேட்டரி கொடுத்து, ஒவ்வொன்றாக அமுக்கிக் காட்டுவார். ஒன்று எருமை மாதிரி, ஒன்று வாத்து மாதிரி, ஒன்று நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிப் பார்க்கிற மாதிரி. தெருநாய்கள் எல்லாம் பட்டறை வாசலில் வந்து நின்று பதில் சொல்லும். எனக்கு ஆஷ்ட்ரே தேடிக் கொடுப்பதும் அவர்தான். "அண்ணே, ஒண்ணு மாட்டிச்சு" என்று போனில் சொன்னால் போதும், கடையில் தராசை அப்படியே விட்டுவிட்டு ஓடுவேன்.

ஏன் இதெல்லாம் என்று கேட்டால் எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். வாசலில் ஒரு வண்டிக்குத்தான் இடம். மனசில் நூறு வண்டிக்கு இடம் இருக்கிறது. ஒரு வண்டியின் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டால் அந்த வண்டியே கையில் இருக்கிற மாதிரி.

என் மனைவிக்கு இந்தப் பதில் செல்லாது. ஷோகேஸ், பூஜை அறைக்கு நேர் எதிரில் இருந்தது. சாமி கண்ணைத் திறந்தால் முதலில் தெரிவது சிகரெட் டப்பாவா என்று ஒரு வாரம் சண்டை போட்டாள். ஷோகேஸைத் தள்ளி வேறு சுவரில் வைத்த பிறகுதான் சோறு ஒழுங்காக வந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டில்தான் என் மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. கீழ்பென்னாத்தூர் பக்கம், விவசாயக் குடும்பம், நெல்லும் மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், போடுகிறவர்கள். பையன் கம்ப்யூட்டர் வேலை. இதற்கு முன் வந்த இடங்களையெல்லாம் என் மகள் ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்தவள். இந்தப் பையனோடு எங்கள் சம்மதத்தோடு போனில் பேசினாள். பேசி முடித்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இந்த எடம் அமைஞ்சா நல்லா இருக்கும்பா" என்றாள். அவள் இப்படி வாய் திறந்து கேட்டு நான் பார்த்ததே இல்லை. அன்று சாயங்காலமே கோயிலுக்குப் போய் அண்ணாமலையாரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

ஆனால் தரகர் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். பையனின் அப்பாவுக்குச் சிகரெட் வாசனையே ஆகாதாம். இதற்கு முன் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனார்களாம். பெண்ணுடைய சித்தப்பா வாசலில் சிகரெட்டோடு நின்று வாங்க வாங்க என்று கூப்பிட்டிருக்கிறார். இவர் செருப்பைக் கூடக் கழற்றாமல் திரும்பி வந்து வண்டியில் உட்கார்ந்துகொண்டாராம். நம் வீட்டில்தான் அந்தத் தொல்லையே இல்லையே என்று நான் நிம்மதியாகச் சொன்னேன். தரகர் போன பிறகு என் மனைவி ஷோகேஸைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

விவரம் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நான் வாதாடிப் பார்த்தேன்.

"இன்னானு சொல்லுவீங்க? சிகரெட் புடிக்காதவன் எதுக்கு இத்தன ஆஷ்ட்ரே வெச்சிருக்கான்னு அவங்க யோசிக்க மாட்டாங்க. வீடு பூரா ஊதறாங்கனுதான் நெனப்பாங்க" என்றாள்.

துணி போட்டு மூடலாம் என்றேன். மூடினால் உள்ளே பாட்டில் இருக்கிறது என்று நினைப்பார்கள் என்றாள். என் மகள் மட்டும் மறைக்க வேண்டாம் என்று சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

முந்தின நாள் மத்தியானம் ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, காலி அரிசி மூட்டையில் போட்டுக் கட்டினேன். பெண்ணைக் கட்டிக் கொடுக்கும் முன்பே வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. பாய் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அவர் மூட்டையைப் பரணில் ஏற்றி, பழைய சைலன்சர்களுக்குப் பின்னால் தள்ளினார். "எடைக்குப் போட்டுட மாட்டேன், பயப்படாதீங்க. யாரு கேட்டாலும் எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். ஷோகேஸில் என் மனைவி எவர்சில்வர் பாத்திரங்களை அடுக்கி, நடுவில் ஒரு தஞ்சாவூர்ப் பொம்மையை வைத்தாள். பார்த்தால் எந்த வீட்டு ஷோகேஸ் மாதிரியும் இருந்தது.

அடுத்த நாள் காலையில் நல்ல நேரத்தில் வந்துவிட்டார்கள். பையன், அவன் அப்பா, அம்மா, மூன்று பேர்தான். தரகருக்கு வேறு இடத்தில் முகூர்த்தம். பையன்தான் அவர்களுடைய புதுக் காரை ஓட்டி வந்தான். அப்பா நல்ல உயரம். நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் ருத்திராட்சம். வாசற்படியில் கால் வைத்ததும் நின்று மூச்சை இழுத்தார். வீட்டை மோந்து பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் மனைவி காலையிலிருந்து மூன்று தரம் சாம்பிராணி போட்டிருந்தாள். அவருக்கு இருமல் வந்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

மற்றதெல்லாம் நன்றாக நடந்தது. கேசரி, பஜ்ஜி, காபி. என் மகள் வந்து நமஸ்காரம் செய்தாள். பையனின் அம்மா அதிகம் பேசாதவர். கேட்ட ஒன்றிரண்டும் வேலையைப் பற்றி, சமையலைப் பற்றி இல்லை. என் மகளுக்கு அது பிடித்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. வீட்டுக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அந்த அம்மா, இவ்வளவு தூரம் வந்துவிட்டு அண்ணாமலையாரைப் பார்க்காமல் போவதா, எல்லோருமாகப் போய்விட்டு வரலாம் என்றார்.

வெளியே வந்ததும் பையனின் அப்பா என் அம்பாசிடரைப் பார்த்தார். அவருடைய முகமே மாறிப்போயிற்று. ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார், ஜுரம் பார்க்கிற மாதிரி. எனக்கு அவரை அந்த நிமிஷமே பிடித்துவிட்டது. பழைய வண்டியைத் தொடுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை தட்டிப் பார்க்கும். இவர் தட்டவில்லை. ஓட்டுகிறீர்களா என்று கேட்டுச் சாவியை நீட்டினேன். அவர் தன் மனைவியைப் பார்த்தார். பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

நான் முன்னால் அவர் பக்கத்தில். பின்சீட்டில் பையனின் அம்மா, என் மனைவி, நடுவில் என் மகள். பையன் அவர்கள் காரில் பின்னால் வந்தான். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியிலேயே தெரிந்தது, இந்த வண்டியில் ஊறினவர். கியர் மாற்றுவது வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி. கலெக்டர் ஆபீஸ் தாண்டி வண்டி சீராகப் போகத் தொடங்கியது. ஜன்னல் கண்ணாடியை இறக்கி, வலது முழங்கையை வெளியே வைத்துக்கொண்டார். முன்னால் மலை. நான் சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தேன். இப்படி ஒரு சம்பந்தி கிடைத்தால் வேறென்ன வேண்டும்.

அப்போது அவருடைய இடது கை கியரை விட்டு நகர்ந்தது. கண் ரோட்டில்தான் இருந்தது. கை தானாகப் போய், டேஷ்போர்டின் நடுவில் இருந்த அந்தப் பெட்டியை இழுத்தது. இரண்டு விரலைச் சேர்த்து அதன் மேல் ஒரு தட்டுத் தட்டியது. விரல் வெள்ளையாகத் திரும்பி வந்தது. கொஞ்சம் திருநீறு அவர் வேட்டியில் கொட்டியது.

ஒரு மூட்டை ஆஷ்ட்ரேயை ஒளித்து வைத்தவன், இந்த ஒன்றை மறந்துவிட்டேன். மறந்தேன் என்று கூடச் சொல்ல முடியாது. அது எனக்குத் திருநீறு வைக்கிற இடம். அது ஆஷ்ட்ரே என்கிற எண்ணமே போய் வருஷக்கணக்காகிறது.

அவர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். பின்னால் பையனும் நிறுத்தினான்.

"இது ஆஷ்ட்ரே" என்றார்.

"அது விபூதிப் பொட்டிங்க. எப்பவும் அதுலதான் வெக்கறது" என்று என் மனைவி பின்னாலிருந்து அவசரமாகச் சொன்னாள்.

"இல்லம்மா. இது ஆஷ்ட்ரேதான். எனக்குத் தெரியும்."

தூரத்தில் கோபுரம் தெரிந்தது. சாமி, இது என் மகள் வாய் திறந்து கேட்ட இடம், என்று மட்டும் மனசுக்குள் சொன்னேன். அதற்குள் பையனின் அம்மா பேசினார். அவர் என்னைக் கேட்கவில்லை. தன் புருஷனைக் கேட்டார்.

"உங்க கை எதுக்கு அங்க போச்சு?"

அவர் திரும்பவில்லை. "நான் போவச் சொல்லல. அதுவே போச்சு" என்றார்.

அப்போது என் மகளின் குரல் வந்தது. கொஞ்சம் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "எங்க அப்பா சிகரெட் தொட்டதே இல்லீங்க. ஆனா பழைய கார் ஆஷ்ட்ரே சேக்கறாரு, அதான் அவருக்கு ஆச. ஷோகேஸ் பூரா அதுதான் இருந்துச்சு. நீங்க வரீங்கனு நேத்து மூட்ட கட்டி பாய் பட்டறையில போட்டுட்டாரு. நாளைக்கு வேற யாராச்சும் சொல்லி உங்களுக்குத் தெரியறத விட நானே சொல்லிடறேன்."

என் மனைவி அவள் தொடையில் கிள்ளியிருக்க வேண்டும். 'ஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பையனின் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"ஒரு மூட்டையா?"

"ஆமாங்க."

"பட்டறை எங்க இருக்குது?"

போகிற வழியில்தான் இருந்தது. நான் கையைக் காட்ட அவர் ஓட்டினார். எதற்குக் கேட்கிறார், நேரில் பார்த்துத் திட்டவா, ஒன்றும் புரியவில்லை. பட்டறை முன்னால் இறங்கினோம். பாய் எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் நிலைமையை அவராகவே ஒரு மாதிரி புரிந்துகொண்டார். நான் மூட்டையை இறக்கச் சொன்னேன்.

"எந்த மூட்ட அண்ணே? இங்க மூட்ட கீட்ட ஒண்ணும் இல்லியே. இவருக்கு சிகரெட்டுனாலே ஆவாதுங்க, நல்ல மனுஷன்" என்றார், கேட்காததற்கெல்லாம் சேர்த்து.

"பாய், எல்லாம் தெரிஞ்சிடுச்சு. எறக்குங்க" என்றேன்.

தார்ப்பாயை விரித்து மூட்டையைக் கொட்டினார். செய்தித்தாளைப் பிரிக்கப் பிரிக்க ஒவ்வொன்றாக வெயிலில் மின்னியது. அவ்வளவு பயத்திலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பையனின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒன்றை எடுத்தார். "பின்சீட்டுது" என்றார். இன்னொன்றைத் திருப்பினார். "இது ஜீப்பு." கதவில் வருகிறதை எடுத்து 'டிக்' என்று திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். நானும் எதிரில் உட்கார்ந்தேன். என்னால் நின்றுகொண்டிருக்க முடியவில்லை.

ஒவ்வொன்றையும் எடுத்தவுடன் மூக்கருகில் கொண்டுபோனார். புளி வாசனைதான் வந்திருக்கும். ஒரு கறுத்த பெட்டி மட்டும், நான் எவ்வளவு தேய்த்தும் மூலையில் பழைய நெடி போகாதது. அதை மூக்கருகில் வைத்தவர் எடுக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டார். அவர் மனைவி இரண்டு அடி முன்னால் வந்து, குழந்தை கையிலிருந்து வாங்குகிற மாதிரி அதை வாங்கினார்.

"போதும். பாய், இத சோடா போட்டு நல்லா கழுவிடுங்க" என்று பாயிடம் கொடுத்தார்.

அப்புறம்தான் பையனின் அப்பா சொன்னார், தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டே. வயலோடு கூட இருபது வருஷம் போல அம்பாசிடரை வாடகைக்கு ஓட்டினவராம். ஓட்டுகிற நேரமெல்லாம் கையில் சிகரெட் இருக்கும். டாக்டர் சொல்லியும் விடவில்லை, மாலை போட்டும் விடவில்லை. கடைசியில் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதுக் கார் எடுத்தார். அதில் ஆஷ்ட்ரேயே கிடையாது.

"கை போவும். அங்க ஒண்ணும் இருக்காது. வெறும் கையா திரும்பி வரும். அப்படியே கம்மியாகிக் கம்மியாகி நின்னுபோச்சு. ஊருல நான் பெரிய ஆச்சாரம்னு பேசிக்கறாங்க. அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. பக்கத்துல ஒருத்தர் பத்த வெச்சா என்னால முடியாது, கேட்டு வாங்கிடுவேன். சம்பந்தி வீடுனா நாளு கிழமைக்கு வந்து போவணும். அந்தப் பயத்துலதான் மொதல்ல அதையே கேக்கறது."

எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது என்றேன். தெரியும், வாசலிலேயே மோந்து பார்த்துவிட்டேன் என்றார். சாம்பிராணியை மட்டும் கொஞ்சம் கம்மியாகப் போடச் சொன்னார். பாய் முதலில் சிரித்தார். அப்புறம் நாங்கள் எல்லோரும்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு எனக்கு வந்த வேகம் இருக்கிறதே. எது எங்கே கிடைத்தது, எதற்காக எந்த ஊர் வரைக்கும் பஸ்ஸில் போனேன், எதன் ஸ்பிரிங்கை பாய் எப்படிச் சுருட்டிக் கொடுத்தார் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவரும் சும்மா கேட்கவில்லை. எந்த வண்டியில் எது பாதி வழியில் கழன்று காலில் விழும், எது மேடு பள்ளத்தில் தானாகத் திறந்து பின்சீட்டுக்காரர் வேட்டியில் கொட்டும் என்று அவர் பங்குக்குச் சொன்னார். பாய் தன் ஹார்ன் பலகையை வேறு இறக்கிவிட்டார். எருமை கத்தியது, வாத்து கத்தியது, நாய்கள் வந்து சேர்ந்தன.

கோயில் நடை சாத்திவிடுவார்கள், கிளம்பலாம் என்று என் மனைவி இரண்டு தரம் சொன்னாள். தோ வந்துட்டோம் என்று இரண்டு தரமும் நாங்கள் சேர்ந்தே சொன்னோம். மூன்றாவது தரம் அவள் சொல்லவில்லை. பையனின் கார் கிளம்புகிற சத்தம்தான் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் பெண்கள் மூன்று பேரும் அதில் ஏறிப் போய்விட்டிருந்தார்கள்.

பையனின் அப்பா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். புதுக் காரில் தன் கை போகிற இடத்தில் இதில் ஒன்றை மாட்டித் திருநீறு வைத்துக்கொள்ளலாமா என்று. எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் கை நேராகப் போய் எடுத்தது எது தெரியுமா. வெளிநாட்டு வண்டி ஒன்றின் பின்சீட்டில் இருந்தது. வளைந்த மூடி, முகம் பார்க்கிற மாதிரி நிக்கல், ஓரத்தில் கொடி மாதிரி வேலைப்பாடு. இதே மாதிரி இன்னொன்றை நான் எங்கேயும் பார்த்ததில்லை. மழைக்காலத்தில் துரு பிடிக்கக் கூடாதென்று அதற்கு மட்டும் தேங்காய் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைப்பேன்.

"அது..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

பாய் எனக்கு எதிரில் நின்றுகொண்டு, இரண்டு புருவத்தையும் மேலே தூக்கினார். கேட்பது யார், எதற்காகக் கேட்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. அது ரொம்ப நல்ல உருப்படி, எடுத்துக்குங்க என்று முடித்தேன். குரல் சரியாகத்தான் வந்தது என்று நினைக்கிறேன். ஆனால் அவரும் வண்டிக்காரர். என் முகத்தைப் பார்த்தார், அதை மெதுவாக வைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த சாதாரணப் பெட்டி ஒன்றை எடுத்தார். "இது போதுங்க. விரல் பெருசு எனக்கு, இதுதான் தோதா இருக்கும்" என்றார். அந்த மனுஷனை அந்த இடத்திலேயே கும்பிட வேண்டும் போல இருந்தது. நான் அந்த நிக்கல் பெட்டியை எடுத்து அவர் சட்டைப் பையிலேயே போட்டேன். வேண்டாம் என்றார். இல்லை, நீங்கள் வைத்துக்கொண்டால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்றேன். அது நிஜம்.

அவர்கள் கார் கோயிலிலிருந்து திரும்பி வந்ததும் பையனிடம் சொல்லிச் சாவியை வாங்கி, மூன்று பேரும் வேலையில் இறங்கிவிட்டோம். தண்ணீர் பாட்டில் வைக்கிற குழிக்குள் தகடு வளைத்து அந்த நிக்கல் பெட்டியை உட்கார வைக்கலாம் என்று பாய் சொன்னார். பையனின் அப்பா டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டிருந்தார். நான் டார்ச் பிடித்திருந்தேன். என் கை முழுக்க கிரீஸ். அதனால் பெண்கள் இறங்கி வந்து நின்றதை நான் சரியாகக் கவனிக்கவில்லை. என் மகள் "அப்பா" என்று கூப்பிட்ட பிறகுதான் திரும்பினேன்.

காலையில் அவள் தலையில் நாங்கள் வைத்து அனுப்பியது முல்லை. இப்போது அதற்கு மேலே நெருக்கமாகக் கட்டின குண்டு மல்லி, கனகாம்பரம் கலந்து, ஒரு முழத்துக்கு மேலே. நெற்றியில் புதுக் குங்குமம். பையன் கொஞ்சம் தள்ளி நின்று சிரிப்பை அடக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அம்மா கையில் பூக்காரம்மா கட்டிக் கொடுத்த வாழையிலை இன்னும் இருந்தது.

"சன்னதியிலேயே பேசி முடிச்சிட்டோம்" என்றாள் என் மனைவி.

டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "யாரு பேசி முடிச்சது?"

"நாங்க ரெண்டு பேரும்தான்" என்றார் அந்த அம்மா. "ஆம்பளைங்க எங்கனு ஐயர் கேட்டாரு. ஆஷ்ட்ரே பாக்கறாங்கனு சொல்ல முடியுமா, வண்டிய நிறுத்திட்டு வராங்கனு சொல்லிட்டேன். அந்த ஸ்குரூவ முடுக்கிட்டு வெளிய வாங்க, பசிக்குது."